சிங்கப்பூர் – நியூவர்க்: தூரம் 15,344 கிலோமீட்டரா, 16,700 கிலோமீட்டரா? பயண நேரம் எவ்வளவு?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க் விமான நிலையத்துக்கு நேரடி விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். தூரம் காட்டும் ஒரு இணையதளத்தில் 15,344 கி.மீ., 17 மணி நேரம் என்று இருக்கிறது. 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தச் சேவையைத் தொடங்கியபோது வந்த செய்திகளில் சுமார் 16,700 கி.மீ., 18 மணி 45 நிமிடம் வரை என்று இருக்கிறது. நீங்கள் பார்த்த பயணச்சீட்டிலோ இரவு 11.30க்குக் கிளம்பி மறுநாள் காலை 6 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. கழித்துப் பார்த்தால் ஆறரை மணி நேரம்தான் வருகிறது. ஆக, உங்கள் கேள்வி தூரம் எவ்வளவு என்பதைவிட, இந்த எண்களில் எதை நம்பித் திட்டம் போடுவது என்பதுதான். மூன்றுமே சரியான எண்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன, அவ்வளவுதான். இவற்றில் தூரத்தை மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும். நேரம் எப்போதுமே ஒரு மதிப்பீடு.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். 15,344 கி.மீ. என்பது பெருவட்டத் தூரம். பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அது கிடக்கும் வழி. சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் இது புரியாது. அதில் சிங்கப்பூருக்கும் நியூவர்க்குக்கும் கோடு போட்டால் ஆப்பிரிக்கா வழியாகவோ பசிபிக் வழியாகவோ போவது போலத் தெரியும். ஒரு உலக உருண்டையை எடுத்து நூலை வைத்துப் பாருங்கள். இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் கிட்டத்தட்ட 178 பாகை விலகியிருக்கின்றன, அதாவது ஏறக்குறைய பூமியின் எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் நூல் நேராக வடக்கே ஏறி, வட துருவத்திலிருந்து சுமார் 230 கி.மீ. தள்ளிக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கும். இதைவிடக் குறுகிய வழி பூமியில் கிடையாது.

இதை நீங்களே கணக்கிடலாம். ஒரு முறை கையால் செய்து பார்த்தால் எந்தத் தளத்தின் எண்ணையும் சரிபார்க்கும் தைரியம் வந்துவிடும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வடக்கு 1.36 பாகை, கிழக்கு 103.99. நியூவர்க் வடக்கு 40.69, மேற்கு 74.17. மேற்கு என்பதால் அதை -74.17 என்று எழுத வேண்டும். முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.0155 வரும். பிறகு இரண்டு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வித்தியாசமான 178.16 பாகையின் கொசைனையும் பெருக்குங்கள்: -0.7576 வரும். இரண்டையும் கூட்டினால் -0.7421. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று பார்த்தால் 137.9 பாகை. பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இரண்டு ஊர்களுக்கும் இடையிலான கோணம் அதுதான். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்தால் ஒரு பாகைக்கு 111.19 கி.மீ.; பெருக்கினால் சுமார் 15,335 கி.மீ. வருகிறது. தளம் காட்டும் 15,344க்கும் இதற்கும் உள்ள 9 கி.மீ. வித்தியாசம் தவறல்ல. பூமி சரியான உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அந்தத் தட்டையான வடிவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் 15,344 வரும். உருண்டையாக வைத்துச் செய்யும் கணக்கில் பிழை அதிகபட்சம் அரை சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். பயணத் திட்டத்துக்கு அது போதும். விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகி தூரம் கூடுமே என்று சிலர் கேட்பார்கள். கூடும்தான், ஆனால் இந்த முழுத் தூரத்துக்கும் 26 கி.மீ. மட்டுமே.

இந்தக் கணக்கில் தவறு வரும் இடங்கள் பெரும்பாலும் நான்குதான். முதலாவது, மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போடாமல் விடுவது. நியூவர்க்கை +74.17 என்று எழுதினால் அது கிர்கிஸ்தான் மலைகளுக்குப் போய்விடும். தூரம் 5,300 கி.மீ. என்று வரும். விடை மிகச் சிறியதாக வந்தால் முதலில் இந்தக் குறியைப் பாருங்கள். இரண்டாவது, பாகை-நிமிடக் கணக்கைத் தசமமாக மாற்றாமல் அப்படியே எழுதுவது. நியூவர்க்கின் அட்சரேகை 40 பாகை 41 நிமிடம் 33 விநாடி என்று போட்டிருக்கும், அதை 40.41 என்று எழுதக் கூடாது. 41.55 நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 0.6925, ஆகவே 40.6925. 40.41 என்று எழுதினால் விமான நிலையம் 31 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும். விடை ஓரளவு சரியாகவே தெரியும் என்பதால் இந்தத் தவறு கண்ணில் படாது. மூன்றாவது, எக்செல் போன்ற விரிதாளில் சைன், கொசைன் எல்லாம் பாகையில் வேலை செய்வதில்லை, ரேடியன் என்ற வேறொரு கோண அளவில்தான் செய்யும். பாகையை முதலில் 180ஆல் வகுத்துப் பை மதிப்பால் பெருக்க வேண்டும். நான்காவது, மைல். இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். இதே 15,344 கி.மீ. சாலை மைலில் 9,534. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 8,285. ஒரு சாலை மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. வெறும் ‘மைல்’ என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று தெரியாமல் கணக்கில் இறங்காதீர்கள். 15 சதவீதம் தவறிவிடும்.

அப்படியானால் 16,700 எங்கிருந்து வந்தது? அது விமானம் பறக்கும் வழியின் நீளம். பெருவட்டத்தைவிட 1,350 கி.மீ. அதிகம். விமான நிறுவனம் ஏன் சுற்றிப் போகிறது? முக்கியமான காரணம் காற்று. நடு அட்சரேகைகளில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றோட்டம் ஓடுகிறது. மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் சாதாரணம்; குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். துருவத்தின் வழியாகக் குறுகிய தூரம் போவதைவிட, பசிபிக் மேல் இந்தக் காற்றில் ஏறிக்கொண்டு நீண்ட தூரம் போவது சீக்கிரமாகவும் குறைந்த எரிபொருளிலும் முடியலாம். ஒவ்வொரு நாளும் அன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்து, எந்த வழியில் எரிபொருளும் நேரமும் சேர்ந்து குறைவோ அதைத் தேர்வு செய்கிறார்கள். அதனால் ஒரே விமான எண், இன்று ஒரு கண்டத்தின் மேல், அடுத்த வாரம் வேறொரு கண்டத்தின் மேல் பறக்கக்கூடும்.

காற்று தவிர வேறு காரணங்களும் உண்டு. இரண்டு இன்ஜின் விமானம், ஒரு இன்ஜின் நின்றாலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் இறங்கக்கூடிய விமான நிலையத்தை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். போயிங் 787க்கு இந்த அனுமதி 330 நிமிடம் வரை, ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை உண்டு என்பதால் இந்தக் கட்டுப்பாடு முன்பைப் போல வழியைப் பெரிதாக வளைப்பதில்லை. துருவப் பகுதியில் எரிபொருள் உறைவதையும் கவனிக்க வேண்டும்: சர்வதேச விமானங்களில் பரவலாகப் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை -47 டிகிரி செல்சியஸ், வெளியே காற்று அதைவிடக் குளிராக இருக்கும். வட அட்லாண்டிக்கில் அன்றைய காற்றுக்கேற்ப தினமும் புதிதாக வான்பாதைகள் வகுக்கிறார்கள், மேற்கே போக ஒரு தொகுதி, கிழக்கே போக ஒரு தொகுதி. புறப்படும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதையின் திசைக்கேற்பச் சுற்றுவதில் சில பத்து கிலோமீட்டர்கள் போகும்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருவது மூடிய வான்வெளி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு அதற்கு முன் ஏறக்குறைய 9½ மணி நேரத்தில் போன ஃபின்லாந்து விமானங்களுக்கு அதன் பிறகு 13 மணி நேரம் வரை ஆனது. இரண்டு விமான நிலையங்களும் இடம் மாறவில்லை, பெருவட்டத் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை, ஆனால் பயண நேரம் மூன்றரை மணி நேரம் கூடிவிட்டது. தூரத்தைக் காட்டும் தளங்கள் எவையும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது நேரத்துக்கு வருவோம். தளம் 17 மணி நேரம் என்று சொன்னது 15,344ஐ 900ஆல் வகுத்து. இந்த 900 ஆதாரமில்லாத எண் அல்ல. ஏ350, 787 போன்ற பெரிய விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கின்றன, 11 கி.மீ. உயரத்துக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,062 கி.மீ., அதில் 0.85 பங்கு 903 கி.மீ. ஏ320, 737 போன்ற சிறிய விமானங்கள் 0.78 அளவில், மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும். ஆனால் இது காற்றுக்குள் விமானத்தின் வேகம். தரையைப் பொறுத்த வேகம் காற்றைக் கூட்டியோ கழித்தோதான் வரும். 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் கியாரா புயல் வீசியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரை வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல் போனது. அது ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது என்று அப்போது பலர் எழுதினார்கள்; தாண்டவில்லை. விமானம் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது, அதைச் சுமந்த காற்றே வேகமாக ஓடியது. அதே லண்டன் ஹீத்ரோ – நியூயார்க் ஜேஎஃப்கே வழியில் (பெருவட்டத் தூரம் 5,540 கி.மீ.) அட்டவணையில் கிழக்கே சுமார் 7 மணி நேரம், மேற்கே சுமார் 8 மணி நேரம் போடுவார்கள்.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது காற்று ஈடுகட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம். 6,000 கி.மீ. தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தில், 100 கி.மீ. காற்றோடு கணக்கிடுங்கள். பின்காற்றில் 1,000ஆல் வகுத்தால் 6 மணி நேரம். எதிர்க்காற்றில் 800ஆல் வகுத்தால் 7½ மணி நேரம். கூட்டினால் 13½. காற்றே இல்லாவிட்டால் 13 மணி 20 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் செலவிடுவதால் அதன் பாதிப்பு கூடுதல். போக வர நேரம் மாறுவதற்குப் பூமி சுழல்வதைக் காரணமாகச் சொல்வது மிகப் பரவலான தவறு. பூமியோடு சேர்ந்து வளிமண்டலமும் சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. தரை அடியில் நகர்ந்து வந்துவிடாது. வித்தியாசம் முழுவதும் காற்றால்தான்.

அட்டவணையில் போடும் நேரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அது வானில் இருக்கும் நேரம் இல்லை. ஒரு கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து மறு கேட்டில் நிற்கும் வரை உள்ள நேரம். துறையில் இதை பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கி மறுபடி ஊர்வது எல்லாம் சேர்ந்து 20 முதல் 45 நிமிடம் ஆகும். அதன் மேல், நெரிசலான நிலையங்களுக்கு நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரமும் சேர்த்து வைக்கும். குறித்த நேரத்துக்கு மேல் 15 நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகவே துறையில் கணக்கு. ஆகவே ‘அரை மணி முன்னதாகவே வந்துவிட்டோம்’ என்று விமானி அறிவித்தால் விமானம் அசாதாரணமாக வேகமாக வந்தது என்று பொருளில்லை.

கையால் ஒரு மதிப்பீடு வேண்டுமென்றால் இந்தச் சூத்திரம் நன்றாக வேலை செய்யும்: பெருவட்டத் தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள், தூரம் 8,000 கி.மீ.க்கு மேல் என்றால் 850ஆல் வகுங்கள். வளைவு, ஏற்றம், இறக்கம், ஊர்தல் எல்லாம் அந்தக் குறைந்த வேகத்திலும் அரை மணியிலும் அடங்கிவிடும். சரிபார்ப்போம். லண்டன் – நியூயார்க் 5,540ஐ 800ஆல் வகுத்து அரை மணி சேர்த்தால் சுமார் 7 மணி 25 நிமிடம். இரு திசைகளின் நடுவில் விழுகிறது. பெர்த் – லண்டன் 14,499 கி.மீ.; 850ஆல் வகுத்தால் மொத்தம் சுமார் 17½ மணி நேரம், 2018இல் குவான்டாஸ் அதை அறிமுகப்படுத்தியபோது சொன்ன நேரம் 17 மணி 20 நிமிடம். சிங்கப்பூர் – நியூவர்க் சுமார் 18 மணி 33 நிமிடம். திசைக்கேற்ப அரை மணி முதல் ஒரு மணி வரை கூட்டவோ கழிக்கவோ வேண்டும். வான்வெளி மூடப்பட்ட வழிகளில் மட்டும் இது பொய்த்துவிடும். அங்கே வளைந்த வழியைத் துண்டு துண்டாக அளந்து கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பயணச்சீட்டில் தெரிந்த ஆறரை மணி நேரத்துக்கு விளக்கம் எளிது. இரண்டு நேரங்களுமே அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர், யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னே. நியூவர்க் கோடையில் 4 மணி நேரம் பின்னே. வித்தியாசம் 12. ஆறரையோடு 12 கூட்டினால் 18½ மணி நேரம். கவனிக்க வேண்டியது: அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு முதல் மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை கடிகாரம் ஒரு மணி பின்னே போய்விடும், சிங்கப்பூரில் மாறாது. அப்போது வித்தியாசம் 13. அதே விமானம் அதே நேரம் கிளம்பினால் காலை 5 மணிக்கே இறங்கும். உறவினரை அழைத்துப்போக வரச் சொல்லும்போது இந்த ஒரு மணி நேரத்தில்தான் குழப்பம் வருகிறது. எந்தச் சீட்டையும் சரிபார்க்க, இரண்டு நேரங்களையும் முதலில் யூடிசிக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். தேதிக்கோட்டைப் பற்றிய கவலையும் அதோடு போய்விடும்.

இடையில் நின்று போகும் விமானம் மலிவாக இருக்கிறது, அதில் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூர் – ஃபிராங்க்ஃபர்ட் – நியூயார்க் வழி தூரத்தில் ஏறக்குறைய 16,450 கி.மீ. நேர் தூரத்தைவிட 7 சதவீதம்தான் அதிகம். ஆனால் நேரத்தில் அந்தக் கணக்கு செல்லாது: முதல் பகுதி 12½, இரண்டாவது 8¼ மணி நேரம், நடுவில் இரண்டு மணி நேரம் நின்றால் மொத்தம் 23ஐ நெருங்கிவிடும். இரண்டு முறை ஏறி இறங்குவதும் காத்திருப்பதும்தான் நேரத்தைத் தின்கின்றன. இரண்டு பகுதிகளும் ஒரே சீட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் வேலை. தனித்தனிச் சீட்டு என்றால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. அப்போது நான்கு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை எடுக்க வேண்டாம்.

நீங்கள் போகும் நாளில் சரியாக எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அன்றைய காற்று சில நாட்களுக்கு முன்புதான் ஓரளவு தெரியும், வழி கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்புதான் முடிவாகும். ஆனால் எல்லையைக் கண்டுபிடிக்கலாம். ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒன்றிரண்டு வாரங்களில் அது உண்மையில் கிளம்பிய, இறங்கிய நேரங்களைப் பாருங்கள். அவற்றை ஏறுவரிசையில் எழுதி நடுவில் வருவதை உங்கள் பயண நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்தால், நடுவில் இருப்பதை விட்டுவிட்டு, பட்டியலின் கடைசியில் உள்ள மிகத் தாமதமான நேரத்தை வைத்துச் சீட்டு எடுங்கள்.